அவசர உதவிக்கு எண் இருக்கிறது, முகவரி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் தென் புறநகர்களில் புதிதாகக் குடியேறுகிறவர்களின் பாதுகாப்பு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கண்காணிப்புக் கேமரா, இரவு ரோந்து, கைப்பேசிச் செயலி என்று மூன்று யோசனைகள் தவறாமல் முன்வைக்கப்படுகின்றன. மூன்றும் தேவைதான். ஆனால் அவசர எண்ணை அழைத்தவுடன் மறுமுனையிலிருந்து வரும் முதல் கேள்வி ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்பதே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் திகைக்கிறவர்கள் நம் நகரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதை யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. தபால் பட்டுவாடாவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இந்தப் பகுதியிலேயே நடந்தவன் என்ற முறையில், இந்த ஒன்றைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

அவசர உதவிக்கான எண்களுக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. காவல், தீயணைப்பு, மருத்துவம் மூன்றுக்கும் பொதுவான 112, 2019இல் வந்தது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இணையவழிப் பணமோசடிக்கு 1930, வெள்ளக் காலத்தில் மாநில அளவில் 1070, மாவட்ட அளவில் 1077, மாநகராட்சிக்கு 1913 என்று பட்டியல் நீள்கிறது. அழைத்தால் எடுக்கிறார்கள், எடுத்தவர்கள் பொறுமையாகக் கேட்கவும் செய்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது.

மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, துரைப்பாக்கம், நாவலூர் வட்டாரத்தில் ‘இரண்டாவது குறுக்குத் தெரு’ இல்லாத நகர் ஒன்றைக் காட்டுவது கடினம். ஏரிக்கும் வயலுக்கும் நடுவே மனைப்பிரிவு போட்டவர்கள் தங்கள் விருப்பப்படி பெயர் வைத்தார்கள். ஒருவர் மகள் பெயரை வைத்தார், இன்னொருவர் குலதெய்வத்தின் பெயரை வைத்தார், பெயர் யோசிக்கச் சலித்தவர் ‘விரிவு’ என்று ஒட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் மேல் உள்ளாட்சி அமைப்பு ஒரு பெயர் எழுதியது. ஊர் மக்கள் வாயில் ‘பழைய ரைஸ்மில் தெரு’ என்று மூன்றாவதாக ஒன்று வழங்குகிறது. ரைஸ்மில் இடிக்கப்பட்டு அங்கே அடுக்குமாடிக் கட்டடம் எழுந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கதவு எண்ணோ பழைய எண், புதிய எண், மனை எண் என்று மூவகைப்படும். பட்டுவாடாக்காரனுக்கு இவை அனைத்தும் மனப்பாடம், ஏனென்றால் அது அவன் பிழைப்பு. சென்ற வாரம் தென்காசியிலிருந்து வந்து இறங்கிய பெண்ணுக்கும், ஒடிசாவிலிருந்து மேஸ்திரியுடன் வந்த இளைஞருக்கும் அவை எப்படித் தெரியும்?

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, எங்கள் தெருவுக்கு அருகிலுள்ள பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்த ஒரு பெண்ணுக்குக் கடுமையான மூச்சுத்திணறல் ஏற்பட்டது. உடன் இருந்தவர் ஆந்திராவிலிருந்து வேலைக்கு வந்து சில வாரங்களே ஆனவர். அவர் உடனே ஆம்புலன்ஸை அழைத்தார். நகரின் பெயரைப் பாதியும், ‘செகண்ட் கிராஸ் ஸ்ட்ரீட்’ என்பதை முழுதாகவும் சொன்னார். வண்டியும் சீக்கிரமே வந்தது, அடுத்த நகரின் இரண்டாவது குறுக்குத் தெருவுக்கு. சைரன் ஒலி எங்கள் வீட்டு மாடியில் நன்றாகக் கேட்டது. விளக்கின் சுழற்சிகூட வேப்பமரத்துக்கு மேல் தெரிந்தது. ஓட்டுநர் தொலைபேசியில் ‘பக்கத்தில் என்ன கடை இருக்கிறது?’ என்று கேட்க, எல்லாக் கடைகளும் மூடியிருந்த அந்த நேரத்தில் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல எதுவும் இல்லை. விடுதி நடத்துபவர் வேறு பகுதியில் குடியிருக்கிறார். எதிர்வீட்டு அடுக்குமாடியின் செக்யூரிட்டி விஷயம் கேள்விப்பட்டு மெயின் ரோட்டுக்கு ஓடி வண்டியை அழைத்து வந்த பிறகே நோயாளியை ஏற்ற முடிந்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். இதில் ஓட்டுநர் மீதோ தொலைபேசியை எடுத்தவர் மீதோ சொல்வதற்குக் குற்றம் எதுவும் இல்லை.

மறுநாள் அந்த விடுதியின் உள்கூடத்துக்கு நலச் சங்கத்தின் சார்பில் சென்றிருந்தேன். சுவரில் ஐந்தாறு அறிவிப்புகள் ஒட்டப்பட்டிருந்தன: வாடகை ஐந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும், கெய்சரை அணைக்க வேண்டும், ஆண்களுக்கு அனுமதி இல்லை, இரவு பத்து மணிக்கு மேல் கதவு திறக்கப்படாது, உணவை வீணாக்கினால் அபராதம். அந்தக் கட்டடத்தின் முகவரி மட்டும் அங்கே எங்கும் இல்லை. அங்கே தங்கியிருந்த பெண்களில் பலர் ‘ஓனர் லொகேஷன் அனுப்பினார், அதைப் பார்த்து வந்தோம்’ என்றார்கள். அவர்களுடைய ஆதார் அட்டையில் சொந்த ஊர் முகவரி இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் என்று ஒன்று பெரும்பாலான விடுதிகளில் எழுதப்படுவதில்லை. ஆக, குடியிருக்கும் இடத்தின் பெயரை எழுத்தில் ஒருமுறைகூடப் பார்க்காமலே அங்கே ஒருவர் ஆண்டுக்கணக்கில் வாழ முடிகிறது.

கைப்பேசியில் வரைபடம் இருக்கும்போது முகவரி எதற்கு என்று கேட்பார்கள். வரைபடத்தை அன்றாடம் நம்பியே தொழில் செய்யும் உணவு விநியோகப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். இருப்பிடம் திரையில் தெரிந்தும், ‘அண்ணா, லொகேஷனுக்கு வந்துட்டேன், எந்த பில்டிங்?’ என்று ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் ஒரு அழைப்பு விடுக்கிறார்கள். நெருக்கிக் கட்டிய நான்கு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே அந்த நீலப் புள்ளி பக்கத்துத் தெருவில் போய் நிற்பது அன்றாட நிகழ்ச்சி. பிரியாணி பத்து நிமிடம் தாமதமாகலாம். மேலும், கட்டுமானத் தொழிலாளர் பலரிடம் இருப்பது பட்டன் போன். அதிலும் சார்ஜ் இருக்க வேண்டும், பாலன்ஸ் இருக்க வேண்டும்.

இன்னொரு கோணமும் இருக்கிறது. ஆபத்தில் இருப்பவரே அழைக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். புதிதாக வந்தவருக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாது; பயந்தவுடன் அவர் அழைப்பது அம்மாவை. தென்காசியிலிருந்து அந்த அம்மா 108ஐ அழைத்தால் அந்த அழைப்பு சென்னையிலுள்ள மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கே வந்து சேரும். முகவரி கையில் இருந்தால் வேலை நடக்கும். அதுவே பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ தாயோ அண்ணனோ 112ஐ அழுத்தினால் எடுப்பது அவர்களுடைய மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறை. அவர்களுக்கு வேண்டியது 044 என்று தொடங்கும் முழுமையான ஒரு தொலைபேசி எண்: மகன் தங்கியிருக்கும் இடத்துக் காவல் நிலையத்தின் எண். அந்த எண் மகனுக்கே தெரியாது.

அந்தக் காவல் நிலையம் எது என்பதும் எளிதில் விளங்காத கேள்விதான். 2011இல் 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்துச் சென்னை மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். அப்படியும் மேடவாக்கமும் பெரும்பாக்கமும் ஊராட்சிகளாகவே வெளியில் நின்றன. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் தாம்பரம், ஆவடி காவல் ஆணையரகங்கள் பிறந்தன. ‘சென்னையில் வேலை’ என்று சொல்லிக்கொண்டு வந்தவர் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்கும்போதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் கால் வைக்கிறார். அவர் குடியிருக்கும் தெருவின் ஒரு பக்கம் மாநகராட்சி, மறுபக்கம் ஊராட்சி என்றும் இருக்கலாம். எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா தெளிவாகவே சொல்கிறது. ஆயினும் கைப்பையைப் பறிகொடுத்துவிட்டு இரவில் நிற்பவருக்கு யாராவது இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவரைப் பற்றி அரசுக்கு அக்கறையே இல்லை என்று சொல்ல முடியாது. 2012இல் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட நிகழ்வுக்குப் பிறகு, வாடகைக்குக் குடிவருவோரின் விவரங்களை வீட்டு உரிமையாளர்கள் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னைக் காவல்துறை உத்தரவிட்டது. அந்த வழக்கம் ஏதாவது ஒரு வடிவில் இன்றும் தொடர்கிறது. பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், புகைப்படம், அடையாள அட்டை நகல், வேலை செய்யும் இடம் என்று அந்தப் படிவம் குடிவந்தவரிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. பதிலுக்கு அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுப்பதில்லை. நகரம் அவரைச் சந்தேகிக்க எடுத்துக்கொண்ட சிரமத்தில் பத்தில் ஒரு பங்கை அவருக்கு உதவ எடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இருந்திருக்காது.

நான் கேட்பது அந்தச் சீட்டைத்தான். படிவத்தை வாங்கும்போதே, அரைத்தாள் அளவில், கெட்டிக் காகிதத்தில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குப் புரியும் விதத்தில் கட்டடத்தின் முழு முகவரி, பகுதிக் காவல் நிலையத்தின் பெயரும் 044 சேர்த்த எண்ணும், இரவிலும் திறந்திருக்கும் அரசு மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், விடுதியானால் அங்கே இரவில் தங்கும் பொறுப்பாளரின் எண் ஆகியவை அதில் இருந்தால் போதும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எல்லோருக்கும். இந்தி, ஒடியா, வங்காளம், தெலுங்கு தேவைப்படுகிறவர்களுக்கு அவற்றிலும். ஒரு பிரதி அவர் பணப்பையில், ஒரு படம் ஊரிலுள்ள வீட்டாரின் கைப்பேசியில்.

இது புது யோசனையும் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் வந்து வேலை செய்யும் தொழிலாளருக்காக 1979இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், ஒப்பந்ததாரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ் புத்தகம் தர வேண்டும் என்றும், வேலை செய்யும் இடத்தின் பெயரும் ஊரும் அதில் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. அந்தச் சட்டம் இப்போது பெரிய தொகுப்புச் சட்டம் ஒன்றுக்குள் அடங்கிவிட்டது. இந்தப் பக்கத்துத் தகரக் கொட்டகைகளுக்கு எத்தனையோ மணியார்டர் ரசீதுகளையும் பதிவுத் தபால்களையும் கொண்டு கொடுத்திருக்கிறேன். அந்தப் பாஸ் புத்தகத்தை வைத்திருந்த ஒரு தொழிலாளியை நான் கண்டதில்லை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, இடிபாடுகளுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையே உறுதியாகச் சொல்ல முடியாமல் மீட்புப் படையினர் நாள்கணக்கில் தோண்டினார்கள். வந்தவர் யார், எங்கே இருக்கிறார் என்பதைத் தாளில் எழுதாததற்கு அதைவிடக் கொடிய விலை இல்லை.

விடுதிகளைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் கையருகில் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இத்தகைய விடுதிகள் பதிவு செய்து உரிமம் பெற்றே நடத்தப்பட வேண்டும். உரிமம் வழங்கும்போது, கட்டடத்தின் முகவரியும் அவசர எண்களும் வாசலிலும் ஒவ்வொரு மாடியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்துச் சோதனை செய்வதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்ததில் பெண்கள் உயிரிழந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முகவரிப் பலகைக்குப் பக்கத்திலேயே வெளியேறும் வழியையும் வரைந்து வைத்துவிடலாம்.

முகவரியே குழப்பமாக இருக்கும்போது சீட்டில் என்ன எழுதுவது என்ற கேள்விக்கு என் பதில், தெருவிளக்குக் கம்பம். மாநகராட்சி எல்லைக்குள் பல தெருக்களில் கம்பங்களுக்கு எண் எழுதப்பட்டிருக்கிறது; விளக்கு எரியவில்லை என்று புகார் செய்ய அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். அதே எண்ணைப் பெரிய எழுத்தில், இரவில் ஒளிரும் வண்ணத்தில், கண் மட்டத்தில் எழுதி, அந்தப் பட்டியலை 108, காவல், தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைகளிடம் கொடுத்துவிட்டால், தமிழ் தெரியாதவரும் ஊர் தெரியாதவரும் அருகிலுள்ள கம்பத்தைப் பார்த்து எண்ணைப் படித்தால் போதும். ஹைதராபாத்தில் விமான நிலையம் செல்லும் மேம்பாலத்தின் தூண் எண்ணையும் மெட்ரோ தூண் எண்ணையும் சொல்லித்தான் கடைக்காரர்கள் தங்கள் இடத்தை விளம்பரம் செய்கிறார்கள். அங்கே அது மக்களே கண்டுபிடித்த முகவரி. எங்கள் துறையும் 2025 மே மாதத்தில் டிஜிபின் என்ற பத்து எழுத்து முகவரி முறையை வெளியிட்டிருக்கிறது. நாட்டின் நிலப்பரப்பைச் சுமார் நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தருகிறது அது. 1972இல் பின்கோடு வந்த பிறகு தபால் துறை செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்றே அதைச் சொல்வேன். ஆனால் மூச்சுத் திணறும் தோழியின் அருகில் நிற்கும் பெண் அந்தப் பத்து எழுத்தைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதைச் சீட்டிலும் வாசல் பலகையிலும் அச்சிட்டு வைத்தால் பயன்படும்.

பெரும்பாக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதியவர் என்றதும் வெளியூர்க்காரரைத்தான் நினைக்கிறோம். அடையாறு, கூவம் கரைகளிலிருந்தும் நகரின் உட்பகுதிகளிலிருந்தும், குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பழைய இடத்தில் நடு இரவில் எந்த ஆட்டோக்காரர் வருவார், எந்த மருந்துக்கடைக் கதவைத் தட்டலாம், எந்த அரசு மருத்துவமனைக்கு எந்த வழி என்று அவர்களுக்குக் கைரேகை போலத் தெரியும். லாரியில் சாமான்களுடன் வந்து இறங்கிய அன்று அந்த அறிவு அனைத்தும் பயனற்றுப் போயிற்று. ஒன்றைப் போலவே ஒன்று நிற்கும் எட்டு மாடிக் கட்டடங்களில் பிளாக் எண் அழிந்திருந்தால், அங்கேயே குடியிருப்பவருக்கும் இரவில் வழி தடுமாறும். அதிலும் இது சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வழி கடைசி வரை திறந்திருக்கும் என்பது பழையவர்களுக்குத் தெரிந்திருந்தது; புதியவர்கள் தரைத்தளத்தில் நிறுத்திய வண்டியை எடுப்பதற்காக இடுப்பளவு நீரில் இறங்கினார்கள். சீட்டில் அதற்கும் ஒரு வரி வேண்டும்.

மொழி ஒரு தடை என்று கைவிரிப்பவர்களுக்கு 2023 மார்ச் மாதத்தை நினைவூட்டுகிறேன். வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவி, திருப்பூர் போன்ற ஊர்களிலிருந்து மக்கள் ரயிலேறத் தொடங்கியபோது, காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் சில நாட்களிலேயே அவர்களுக்கென உதவி எண்களை அறிவித்தன; இந்தி பேசத் தெரிந்தவர்களை அமர்த்தின; உயர் அதிகாரிகள் காணொளியில் தோன்றி விளக்கம் தந்தார்கள். தொழிற்சாலைகள் நின்றுவிடும் என்ற அச்சத்தில் ஒரு வாரத்தில் செய்ய முடிந்ததை, சாதாரண நாளில் செய்ய முடியாது என்று சொல்வதை ஏற்க மனம் வரவில்லை.

மருத்துவச் செலவைப் பற்றியும் சீட்டில் ஒரு வரி இருந்தால் நல்லது. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும், எந்த நாட்டவரானாலும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். இவ்வளவு தாராளமான திட்டத்தை வைத்துக்கொண்டு, அதனால் அதிகம் பயன்பெற வேண்டியவரின் காதில் அது விழாதபடி நாம் இருக்கிறோம். விபத்தில் கிடப்பவரைத் தூக்கிவிட்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் என்ற பயம் இன்னும் பலருக்குப் போகவில்லை. உதவுகிறவரைப் பாதுகாக்கும் பிரிவு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது என்பதை ஆட்டோ நிறுத்தங்களிலும் டீக்கடைகளிலும் எழுதி வைக்கலாம், ஏனென்றால் புதியவருக்கு முதலில் கை கொடுக்கப்போகிறவர்கள் அங்கே நிற்பவர்கள்தான்.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் தன் செலவில், எங்கள் நான்கு தெருக்களிலுள்ள விளக்குக் கம்பங்களுக்கு எண் எழுதவும், எட்டு விடுதிகளுக்கு முகவரிப் பலகை செய்து தரவும் முன்வந்திருக்கிறது. பெயிண்டரிடம் பேசி, அச்சு எழுத்துத் தகடும் வாங்கியாயிற்று. கம்பம் மின்வாரியத்துடையதா, ஊராட்சியுடையதா, அனுமதியை யாரிடம் கேட்பது என்ற கேள்வியில் வேலை நிற்கிறது. சென்ற இடமெல்லாம் அடுத்த இடத்தைக் காட்டுகிறார்கள். கல்லூரிகளும் நிறுவனங்களும் புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஜூன், ஜூலை மாதங்களுக்கு முன்பாக, செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகமும் தாம்பரம் காவல் ஆணையரகமும் இதற்கென ஓர் அலுவலரைக் குறிப்பிட்டு அறிவித்தால், கம்பங்களின் பட்டியலையும் சீட்டின் மாதிரியையும் மறுநாளே அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
மேடவாக்கம்.